தெளிந்த கஞ்சி

பீர்க்கன்கரணை,
14-6-92

அன்புத் தம்பி அசரியாவுக்கு,

அக்கா ரத்தினபாய் எழுதிக்கொள்வது. மஸ்கட் வெயிலில் உன்னைக் கர்த்தர் ஒரு குறையும் இல்லாமல் காப்பாராக. இங்கே எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல் எழுத இந்தத் தடவை கை வரவில்லை. நான் சுகம். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மூன்றாம் வகுப்பில் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் போடும் கூச்சலில் தினமும் தலைவலி, அது ஒன்றுதான் குறை. உன் அண்ணன் தயாளன் அப்படியேதான் இருக்கிறான்.

எல்லாவற்றையும் விவரமாக எழுதச் சொல்லியிருந்தாய். அப்பாவின் அடக்கத்துக்கு நீ வரவில்லை என்று அவன் உன்னோடு பேச்சை நிறுத்திய நாளிலிருந்து, உங்கள் இருவருக்கும் நடுவில் தபால்காரன் வேலை பார்த்து வருபவள் நான்தான். அவனுக்கு வாய் இருந்தபோதெல்லாம் நீ பேசவில்லை. இப்போது அவனால் பேச முடியாதபோது நீ ஆரம்பித்திருக்கிறாய். இதில் நான் யாரைத் திட்டுவது?

மறைமலை நகர் கம்பெனியில் வேலை முடிந்து ஸ்கூட்டரில் வந்தவனை வண்டலூர் பக்கத்தில் மணல் லாரி இடித்ததையும், தலையில் அடிபட்டதையும் முன்பே எழுதிவிட்டேன். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை, பராமரிப்புதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது கிழக்குத் தாம்பரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் வைத்திருக்கிறோம். மாடியில் ஜன்னலோரக் கட்டில். கண் திறந்திருக்கிறது. ஆனால் பார்ப்பதில்லை. கையைப் பிடித்தால் பிடித்தபடி இருக்கும், விட்டால் விழும்.

சாப்பாடு எப்படி என்று கேட்டிருந்தாய். மூக்கு வழியாக ஒரு குழாய் விட்டிருக்கிறார்கள். அது இரைப்பை வரைக்கும் போகிறது. ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சை அதன் வாயில் செருகி, கஞ்சியை ஊற்றி உயர்த்திப் பிடித்தால் தானாக இறங்கிவிடும். கஞ்சியை வீட்டார்தான் செய்து கொண்டுபோக வேண்டும். அரிசி, பயத்தம்பருப்பு, கேழ்வரகு, கேரட் எல்லாவற்றையும் வேகவைத்து அரைத்துப் பால் சேர்த்து உன் அண்ணி யூனிஸ் கொண்டுபோய்க் கொண்டிருந்தாள். ஒருநாள் கேழ்வரகின் தோல் குழாயில் போய் அடைத்துக்கொண்டது. பழைய குழாயை உருவிவிட்டுப் புதிதாகப் போட்டபோது மூக்கிலிருந்து ரத்தம் கொட்டித் தலையணை நனைந்துவிட்டது. பக்கத்தில் நின்று யூனிஸ் அதைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பிடிவாதம். கேழ்வரகு கிடையாது, கேரட் கிடையாது. மிச்சத்தையும் தயாளனின் பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டுகிறாள். ஒருமுறை வடித்ததை இன்னொரு முறை, அதை இன்னொரு முறை. பிறகு டம்ளரில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். ஒரு துகள் தெரிந்தாலும் திரும்பவும் முதலிலிருந்து. தண்ணீரும் அளந்துதான் கொடுக்கிறாள், அதிகமானால் படுக்கை நனைந்து முதுகில் புண் வந்துவிடுமாம். நர்ஸுகள் அந்தக் கஞ்சியை வார்டில் எல்லோருக்கும் காட்டி, கவனிக்கிறதென்றால் இப்படிக் கவனிக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. என் தம்பிக்கு வாய்த்த பெண்டாட்டி போல யாருக்கு வாய்ப்பாள்?

இனி நீ காத்துக்கொண்டிருக்கும் விஷயம். உன் சிநேகிதர் ராஜகோபால் போன வாரம் நேரே வீட்டுக்கு வந்து உன் காசெட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் சாயங்காலம் கஞ்சி கொடுத்து முடித்து, குழாயை மூடிவிட்டு, யூனிஸ் டேப் ரிக்கார்டரை அவன் தலைமாட்டில் வைத்தாள். உன் குரல் கேட்டது. உன் அறை, உன் வேலை, அங்கே கிடைக்கும் மீன் என்று ஏதேதோ பேசினாய். கடைசியில் அழுதுகொண்டே, "அண்ணா, என் மேல இன்னும் கோபமா? என்னை மன்னிச்சிட்டியா?" என்று கேட்டாய் அல்லவா, அந்த இடத்தில் தயாளன் முனகினான்.

நான் அங்கேதான் இருந்தேன், கேள்விப்பட்டதை எழுதவில்லை. வாய் மூடியிருந்தது. உதடு அசையவில்லை. ஆனால் நீளமாக ஒரு முனகல் வந்தது. இடது கை விரல்கள் போர்வையை இறுக்கிப் பிடித்தன. கண்ணோரத்தில் ஈரம். யூனிஸ் அவன் நெஞ்சில் விழுந்து அழுதாள். மறுநாளும் கஞ்சி கொடுத்துவிட்டுக் காசெட்டைப் போட்டாள், அன்றும் அப்படியே முனகினான். அவர் மன்னித்துவிட்டார், கொழுந்தனுக்கு எழுதுங்கள் அண்ணி என்று என் உயிரை வாங்குகிறாள். எழுதிவிட்டேன்.

நீ இன்றைக்காவது நிம்மதியாகத் தூங்கு. எனக்குத்தான் ஏனோ மனம் சமாதானப்படவில்லை. அந்தச் சத்தம் வந்தபோது அவனிடம் ஓடவேண்டிய நான் இரண்டடி பின்னால் போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயிலில் அலைந்து வந்த களைப்பாக இருக்கும்.

ஜெபத்தில் எங்களை மறவாதே.

உன் அன்பு அக்கா,
ரத்தினபாய்


பீர்க்கன்கரணை,
3-7-92

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. எழுத்தெல்லாம் கலைந்திருந்ததைப் பார்த்தே நீ எழுதும்போது எப்படி இருந்திருப்பாய் என்று தெரிந்துகொண்டேன். கர்த்தர் உன் மனப்பாரத்தை இறக்கியதற்கு ஸ்தோத்திரம். அண்ணா கூப்பிட்டால் அடுத்த விமானத்திலேயே வருகிறேன், அவன் கூப்பிடாமல் வர எனக்கு முகமில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியை யூனிஸ் பார்த்தவர்களிடமெல்லாம் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

படித்துக் காட்டியதோடு நிற்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து சாட்சி சொன்னாள். டாக்டர்கள் கைவிட்ட என் புருஷன் தம்பியின் குரலுக்குப் பதில் சொல்கிறார் என்றாள். சபையே அழுதது. அதற்குப் பிறகு சாயங்கால வேளையில் அந்தக் கட்டிலைச் சுற்றி நிற்க இடமில்லை. கஞ்சி கொடுத்துக் கொஞ்ச நேரம் ஆனதும் பாட ஆரம்பிப்பார்கள். பாட்டின் நடுவில் அவன் முனகுவான். ஆமென் என்று ஒரு குரல் எழும்பும். எனக்கு அந்த நேரத்தில் வெளியே வராந்தாவில் ஏதாவது வேலை வந்துவிடும்.

தபீதாளை உனக்கு நினைவிருக்கும், கோயிலில் நமக்கு முன் பெஞ்சில் உட்காருவாள். அவள் மகன் பம்பாய்க்கு ஓடிப்போய் ஒரு தகவலும் இல்லை. அவள் செவ்வாய்க்கிழமை தனியாக வந்தாள். தயாளனின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, என் பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று கேட்டாள். இந்தக் காரியத்தை எங்கே கற்றாள் என்று தெரியவில்லை. நான் தடுப்பதற்குள் அவன் முனகினான். இதுவரை கேட்காத அளவுக்குச் சத்தமாக, இரண்டு முறை. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது வீட்டுக்கு வெள்ளையடித்து, மகனுக்குப் புதுச் சட்டை எடுத்து வைத்திருக்கிறாள். அதற்கப்புறம் இன்னும் இரண்டு பேர் கேள்விகளோடு வந்தார்கள். குறி கேட்கிற இடமா இது என்று ஒரு சத்தம் போட்டேன். யூனிஸுக்கு என்மேல் கோபம்.

தம்பி, உன்னிடம் மறைக்காமல் எழுதுகிறேன். அவன் முகம் வற்றிக்கொண்டே போகிறது. கன்னத்தில் எலும்பு தெரிகிறது. ஆனால் வயிறு மட்டும் நாளுக்கு நாள் ஏறுகிறது. கையை வைத்தால் பலகை மாதிரி இருக்கிறது. நேற்று நான் துடைத்துவிடும்போது என் உள்ளங்கைக்கு அடியில் ஏதோ ஒன்று மெதுவாகப் புரண்டு நகர்ந்தது. உடனே அந்த முனகல் வந்தது. காசெட் போடவில்லை, யாரும் பாடவில்லை, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் அவனும்தான் இருந்தோம். துணியைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வார்டைத் துடைக்கும் கன்னியம்மா வாளியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளாக ஒன்றும் பேசுகிறவள் இல்லை. நேற்று என்னைப் பார்த்து, "சார் வூட்ல இல்லம்மா. வேற யாரோ உள்ள குந்திகினு கீறாங்க" என்றாள். நான் அவளை அதட்டி அனுப்பினேன். ஆனால் அவள் சொன்னதை இன்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் அவனுக்குப் பேதி கண்டிருக்கிறது. தண்ணீராகக் கொஞ்சம் கொஞ்சம் எந்நேரமும் கசிந்துகொண்டே இருக்கிறது. எத்தனை துணி மாற்றினாலும் போதவில்லை. இங்கே இருக்கும் சின்ன டாக்டர் வயிறு கெட்டிருக்கிறது என்று சொல்லி, பேதி நிற்க மாத்திரை கொடுத்து, பருப்பும் வேண்டாம் வெறும் ஜவ்வரிசிக் கஞ்சித் தெளிவு மட்டும் ஊற்றச் சொன்னார். யூனிஸ் அதையும் அந்தத் துணியில் வடிக்கிறாள். இப்போது டம்ளரில் கஞ்சி இருக்கிறதா தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தால் தெரியாது. வாரத்துக்கு ஒருமுறை மாம்பலத்திலிருந்து வரும் பெரிய டாக்டர் ஸ்ரீரங்கன் மகளின் பிரசவத்துக்குப் போயிருக்கிறார். வரட்டும் என்று காத்திருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்த முனகல் தயாளனின் குரல் இல்லை. அவன் குரல் எனக்குத் தெரியாதா? அது அப்பாவின் குரல். அப்பா கடைசி வாரத்தில் நடு அறையில் படுத்துக்கொண்டு எழுப்பிய அதே சத்தம். நீ அப்போது இங்கே இல்லை, அதனால் உனக்குத் தெரியாது. நான் பக்கத்தில் இருந்தவள். யூனிஸிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு சாட்சி சொல்லிவிடுவாள்.

நீ இன்னொரு காசெட் அனுப்பப்போவதாக எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. டாக்டர் வந்து பார்க்கட்டும்.

கர்த்தர் நம் எல்லோரையும் தம்முடைய கரத்துக்குள் வைத்துக்கொள்வாராக.

அக்கா,
ரத்தினபாய்


பீர்க்கன்கரணை,
26-7-92

அன்புத் தம்பி அசரியாவுக்கு,

நான் எழுதி மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீ தவித்துக்கொண்டிருப்பாய். எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இதை வாசிக்கும்போது நீ தனியாக இரு. கூட இருப்பவர்களுக்குப் படித்துக் காட்டாதே.

டாக்டர் ஸ்ரீரங்கன் வந்தார். வயிற்றைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. பேதி என்று நாங்கள் சொன்னதைப் பாதியில் நிறுத்திவிட்டு, கடைசியாக எப்போது கெட்டியாகப் போனார் என்று கேட்டார். நாள் எண்ணிப் பார்த்தோம். கேழ்வரகை நிறுத்திய நாளிலிருந்து ஒருநாள் கூட இல்லை. கைக்கு உறை போட்டுக்கொண்டு திரையை இழுத்தார். எழுதக் கூசுகிறது, எழுதாவிட்டால் உனக்குப் புரியாது. உள்ளே கல்லாகக் கட்டியிருந்தது. குடலில் நகர வழியில்லாமல் தங்கி, காய்ந்து, இறுகி, அதன் ஓரத்தில் கசிந்த தண்ணீரைத்தான் நாங்கள் பேதி என்று நினைத்துக் கட்டுவதற்கு மாத்திரை கொடுத்திருக்கிறோம். டாக்டர் விரலால் உடைத்து உடைத்து எடுத்தார். எனிமா கொடுத்தார். கன்னியம்மா காகிதம் போட்டு மூடி மூடி வெளியே கொண்டுபோனாள். சாயங்காலம் வரை அந்த வேலை நடந்தது.

முடிந்ததும் எங்களை உட்காரவைத்து, திட்டாமல்தான் பேசினார். "குடலுக்குத் தள்ளறதுக்கு ஏதாவது இருக்கணும்மா. நார்னு ஒண்ணு இருக்கே, சக்கைன்னு நாம தூக்கிப் போடறோமே, அதுதான் அதுக்குப் பிடி. நீங்க அத்தனையும் துணியில நிறுத்திட்டீங்க. தண்ணியும் குறைச்சிட்டீங்க. அசையாம படுத்திருக்கிற உடம்பு வேற. பாவம், அது என்ன பண்ணும்?" என்றார். யூனிஸ் தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். அவள் என்ன வஞ்சனையா செய்தாள்? சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாள்.

நான்தான் கேட்டேன். அந்த முனகல் எதனால் என்று. டாக்டர் விளக்கினார். இரைப்பையில் ஆகாரம் விழுந்ததும் குடல் தானாக ஒரு தடவை புரண்டு தள்ளுமாம். எல்லோருக்கும் அப்படித்தான். இவனுக்குத் தள்ளியது போக வழியில்லை. அந்த வலிதான் சத்தமாக வந்திருக்கிறது. யூனிஸ் காசெட்டைப் போட்டது எப்போதும் கஞ்சி கொடுத்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான். உன் கேள்வி காசெட்டின் கடைசியில் இருக்கிறது. பாட்டும், தபீதாளின் கேள்வியும் எல்லாம் அந்த நேரத்தில்தான்.

அசரியா, புரிந்துகொண்டாயா? அவன் உன்னை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. அவனுக்கு வலித்தது. நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று ஆமென் சொன்னோம். அப்பாவின் குரல் என்று எழுதினேனே, வலியில் நம் வீட்டு ஆண்களுக்கு ஒரே குரல்தான் போலிருக்கிறது. அப்பாவுக்கும் கடைசியில் வயிறுதான்.

அப்படியானால் இவனுக்கு வலி தெரிகிறதா, உள்ளே இருக்கிறானா என்று கேட்டேன். உடம்புக்குத் தெரிகிறது, அதற்குமேல் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது சாப்பாடு மாறிவிட்டது. பருப்பு, கேழ்வரகு, கீரை, பழம் எல்லாம் குழைய வேகவைத்து மிக்ஸியில் இரண்டு முறை அரைத்து, துணியில்லாமல் கம்பி வடிகட்டியில் மட்டும் வடித்துக் கொடுக்கச் சொன்னார். கொஞ்சம் பெரிய குழாய் போட்டிருக்கிறார். ஒவ்வொரு வேளைக்கும் பிறகு ஆறவைத்த தண்ணீரை ஊற்றிக் குழாயை அலசிவிட்டால் அடைக்காது. அவர் சொன்னபடியே ஒருநாளும் அடைக்கவில்லை. வயிறு வற்றியது. காலையில் ஒழுங்காகப் போகிறது. இத்தனை நாளும் முகத்தில் இருந்த சுளிப்பு போய், குழந்தை தூங்குகிற மாதிரி இருக்கிறது.

சத்தமும் போய்விட்டது.

சபைப் பெண்கள் வந்து பாடினார்கள், ஒன்றுமில்லை. இன்னும் உரக்கப் பாடிவிட்டு ஒவ்வொருவராகக் குடையை எடுத்துக்கொண்டு போனார்கள். தபீதாள் மட்டும் நெடுநேரம் உட்கார்ந்திருந்து, டாக்டர் எதையோ எடுத்துவிட்டார் என்று என்னிடம் சொன்னாள். எதை எடுத்தார் என்று நான் அவளுக்கு விளக்கவில்லை. அவள் மகனுக்கு எடுத்த சட்டையை நான் என்னவென்று சொல்லித் திருப்பிக் கொடுக்கச் சொல்வேன்? யூனிஸ் தினமும் உன் காசெட்டைப் போட்டாள். நீ கேட்கும் இடம் வரும். டேப் சுற்றும் சத்தம் மட்டும் கேட்கும். சுற்றி எடுத்து மறுபடியும் போடுவாள். முனகல் இருந்தபோது எனக்குப் பயமாக இருந்தது. அந்த அமைதிக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை தம்பி. பட்டப்பகலில், தெருவில் பஸ் ஓடும்போது, கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கும் என் தம்பியின் பக்கத்தில் உட்கார என்னால் முடியவில்லை.

இந்த நேரத்தில்தான் உன் இரண்டாவது காசெட் வந்தது. அதில் நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாய். "அண்ணா, நான் வரவா? வான்னு ஒரு தடவை சொல்லு, போதும்." யூனிஸ் அன்று முழுவதும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

போன புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் பாதி நாள் விடுமுறை. நேரே நர்சிங் ஹோமுக்குப் போனேன். மாடிப்படி ஏறும்போதே கேட்டது. அந்த முனகல். நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். வாசலில் போய் நின்ற பிறகுதான் பார்த்தேன். அவன் நெற்றியெல்லாம் வேர்வை. வயிறு மறுபடியும் போர்வையைத் தூக்கிக்கொண்டு நின்றது. மேஜைமேல் கண்ணாடி டம்ளரில் கஞ்சி, அதன் வழியாக அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது. யூனிஸ் டேப் ரிக்கார்டரை இரண்டு கையாலும் அவன் காதருகில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் அவள் பதறவில்லை. "ஒரே ஒரு தடவை அண்ணி. கொழுந்தன் கேட்டதுக்கு மட்டும்" என்றாள்.

உடனே ரிக்கார்டரைப் பிடுங்கினேன், டாக்டரைக் கூப்பிட்டேன் என்று எழுத ஆசை. அப்படிச் செய்யவில்லை. உன் குரல் ஓடிக்கொண்டிருந்தது. கேள்வி வரும் வரைக்கும் நான் வாசலிலேயே நின்றேன். கேள்வி வந்தது. அவன் முனகினான். வாயைத் திறந்து முனகினான். இதுவரை அவன் வாயைத் திறந்ததில்லை. யூனிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் கீழே போய் நர்ஸைக் கூட்டிவந்தேன். அன்றே எனிமா கொடுத்தார்கள். இப்போது மறுபடியும் அமைதியாக இருக்கிறான். இனிக் கஞ்சியை நானே செய்து கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவன் ஏன் வாயைத் திறந்தான் என்று டாக்டரிடம் கேட்கவில்லை. நீயும் என்னிடம் கேட்காதே.

யூனிஸைத் தவறாக நினைத்துவிடாதே. ராப்பகலாக அவனைப் புரட்டிப் படுக்கவைத்துத் துடைப்பவள் அவள். முதுகில் ஒரு புண் இல்லை. நீ வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறாள். நீயோ அவன் கூப்பிட்டால்தான் வருவேன் என்று எழுதுகிறாய். நீ ஒவ்வொரு முறை அவனிடம் பதில் கேட்கும்போதும் இங்கே கஞ்சி இன்னும் தெளிவாகிறது. இதை உனக்கு எப்படி எழுதுவது என்றுதான் இத்தனை நாள் எழுந்து எழுந்து போனேன்.

இப்போதுகூட அவள் என் பக்கத்தில் நிற்கிறாள். கூப்பிட்டார் என்று எழுதுங்கள் அண்ணி, அந்த ஒரு வரி போதும், கொழுந்தன் வந்துவிடுவார் என்கிறாள். எழுதினால் நீ வருவாய், எனக்கும் தெரியும். வந்து அவன் காதருகில் குனிந்து உன் வாயால் கேட்பாய். அவன் சும்மா படுத்திருப்பான். நீ நிமிர்ந்து எங்களைப் பார்ப்பாய். அப்போது எங்கள் இருவரில் யார் எழுந்து அடுப்படிக்குப் போய் அந்தத் துணியை எடுப்பது என்று என்னால் சொல்ல முடியாது.

அதனால் அவன் கூப்பிட்டான் என்று எழுத மாட்டேன். அவன் உன்னைக் கூப்பிடவில்லை, தம்பி. கூப்பிடாமலே வா. வந்து அவனிடம் எதுவும் கேட்காதே. அவன் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார், நான் உட்கார முடியாத அந்த நாற்காலியில். அவன் பேசாமல் இருக்கும்போதும் அவனோடு இருக்கிற ஒரு ஆள் இந்த வீட்டுக்கு வேண்டும். அது நீயாக இருக்கட்டும்.

வழியெல்லாம் கர்த்தர் உன்னோடு வருவாராக. சீக்கிரம் வா. நான் ஒவ்வொரு நாளும் கஞ்சி வடிக்கிறேன், இதுவரைக்கும் கம்பி வடிகட்டியில்தான்.

உனக்காகக் காத்திருக்கும் அக்கா,
ரத்தினபாய்